நாலு ஜன்னல் லாரி

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை எனக்குக் காலியாக இருந்ததுதான். மற்றபடி எனக்கும் பூமிக்கும் அதுவரை பெரிய பழக்கம் கிடையாது. நான் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் தலைமை ஆசிரியையைப் 'பெரிய டீச்சர்' என்போம். உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவார். அவர் ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து, 'பூமிப் பாடம்' என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதற்குப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, எல்லாம் செய்முறைதான் என்றார். பரீட்சை இல்லாத பாடம் என்றதும் எல்லோரும் விடைத்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அவர் கால அட்டவணையில் விரலை ஓட்டினார். விரல் என் கட்டத்தில் வந்து நின்றது.

முதல் செய்முறை மண்புழு. கண்ணாடித் தொட்டியில் மண் போட்டு, பழத்தோல் போட்டு, புழுக்களை விட்டு, தோல் மண்ணாவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நன்றாகத் தெரியட்டும் என்று தொட்டியை ஜன்னலோரம் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் புழுக்கள் எல்லாம் காய்ந்து தையல்நூல் மாதிரி ஆகிவிட்டிருந்தன. மண்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது என்று அப்புறம்தான் படித்தேன். பிள்ளைகள் அவற்றை ஒரு சாக்பீஸ் டப்பாவில் வைத்து வரிசையாக நின்று அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து நான் 'மண்புழு சார்'. இரண்டாவது செய்முறை, ஈரப்பஞ்சில் பயறு முளைக்க வைப்பது. துப்புரவு செய்யும் அம்மா அதை அழுக்குப் பஞ்சு என்று எடுத்துப் போட்டுவிட்டார். மூன்றாவது, மழை அளக்கும் பாட்டில். அதில் ஒருநாள் இரண்டு கோடு மழை பதிவாகியிருந்தது. அன்று நல்ல வெயில். அதைப் பதிவு செய்தவன் யார் என்று நான் துருவவில்லை. முகர்ந்து பார்த்ததோடு சரி.

"பூமி இத்தனை கோடி வருஷம் தாக்குப்பிடிச்சதே உங்க கிளாஸ்ல சேராததாலதான்" என்றாள் என் மனைவி. "முதல்ல பால்கனியில இருக்குற செடித்தொட்டிக்குத் தண்ணி ஊத்துங்க. அப்புறம் உலகத்தைப் பாக்கலாம்."

இப்படி நான் பூமிக்கு என்னாலானதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் தொட்டிகள் வந்தன. நகரத் துப்புரவு அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் நாலு குப்பைத்தொட்டிகள் அனுப்பியிருந்தது. பச்சையில் பழத்தோலும் மிச்சச் சாப்பாடும். நீலத்தில் பிளாஸ்டிக். மஞ்சளில் காகிதம். இது எதிலும் சேராததற்குச் சாம்பல். சாம்பல் தொட்டியைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் உறவுமுறை தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமைதான் கேப்டன் கேப்டனானாள்.

அதுவரை அவள் கடைசி பெஞ்சில் ஓரத்தில் உட்காரும் பெண். அவளுடைய அப்பா குப்பை லாரி ஓட்டுகிறவர். வகுப்பில் யாரும் அதைச் சொல்லிக் கேலி செய்ததில்லை. அவ்வளவு மோசமான பிள்ளைகள் இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் தன் பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வாள். அந்தப் பையை நானும் பார்த்திருக்கிறேன். பையைப் பற்றி ஒரு வாத்தியார் என்னத்தைச் சொல்வது?

தொட்டி வந்த அன்று ஒரு பையன் வாழைப்பழத்தோலை நீலத்தில் போடப் போனான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. "கண்ணு தெரியலையா? பச்சைல போடு." அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். பத்து நிமிஷத்தில் வகுப்பு முழுவதும் அவள் சொன்னபடி வரிசையில் நின்றது. எனக்கு இத்தனை வருஷ அனுபவத்தில் வாய்க்காத வரிசை. அட்டையை வட்டமாக வெட்டி, 'பூமிக் காவல்படை - கேப்டன்' என்று எழுதி அவள் சட்டையில் குத்திவிட்டேன்.

அப்போதுதான் ஆதாரம் கையைத் தூக்கினான். அவன் வக்கீல் வீட்டுப் பிள்ளை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்றால்கூட "ஆதாரம் என்ன சார்?" என்பான், அதனால் அந்தப் பெயர்.

"நாம நாலாப் பிரிச்சு வெக்கிறோம். லாரில போகும்போது கலந்துடாதா சார்?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளை எனக்குப் பிடிக்காது. குப்பை லாரி பள்ளி திறப்பதற்கு முன்பே வந்து போய்விடும். அதன் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. சாக்பீஸைத் தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தேன். கேப்டன் எழுந்து நின்றாள்.

"எங்கப்பா லாரில நாலு ரூம் இருக்கு."

"ஆதாரம்?"

"எங்கப்பாவே சொன்னாரு."

ஆதாரம் யோசித்தான். அவனும் அவன் அப்பா சொன்னதை அப்படியே நம்புகிறவன்தான். உட்கார்ந்துவிட்டான். எங்கள் வகுப்பில் தீர்ப்பு வந்த ஒரே வழக்கு அது.

அந்த உற்சாகத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகள் உதிக்கும்போது என் மனைவி வீட்டில் ஜன்னலைச் சாத்துவாள். பள்ளியில் சாத்த ஆளில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு காலி பாட்டிலோ டப்பாவோ கொண்டுவர வேண்டும். அதில் தன் அடையாளமாக ஒரு படம் வரைய வேண்டும். பிறகு அது நீலத் தொட்டிக்குள் போகும், லாரியில் போகும், உருகி வேறொன்றாகப் பிறக்கும். 'என் பாட்டிலின் மறுபிறவி' என்று தலைப்பும் வைத்தேன். வரைவதற்கு எனாமல் பெயின்ட் வாங்கி வந்தேன். தண்ணீரில் போகாது, வெயிலில் மங்காது என்றார் கடைக்காரர். என் வாழ்க்கையில் வாங்கிய பொருள்களில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

மீன் வரைந்தார்கள், நட்சத்திரம் வரைந்தார்கள். ஆதாரம் தன் ஷாம்பு பாட்டிலில் பெரிய கேள்விக்குறி போட்டான். கேப்டன் ஒரு எண்ணெய் பாட்டிலில் சிவப்பு லாரி வரைந்தாள். லாரியின் வயிற்றில் வரிசையாக நாலு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தொட்டியின் நிறம். சாம்பலுக்கு மட்டும் பெயின்ட் இல்லாததால் கறுப்பையும் வெள்ளையையும் மூடியில் குழைத்து அவளே உண்டாக்கிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் செய்திகள் வரத் தொடங்கின. கேப்டன் வருகைப்பதிவு முடிந்ததும் எழுந்து, அப்பா ராத்திரி சாப்பிடும்போது சொன்னதை அப்படியே சொல்வாள். மீன் போட்ட டப்பா இப்போது ஒரு வாளியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது. நட்சத்திர பாட்டில் ஒரு குழந்தையின் கிலுகிலுப்பை. ஆதாரத்தின் ஷாம்பு பாட்டில் ஒரு பஸ்ஸில் கைப்பிடியாகத் தொங்குகிறது. தினமும் எத்தனையோ பேர் விழாமல் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆதாரம் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு கைப்பிடியாக உற்றுப் பார்ப்பதாக அவன் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

லாரிக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு டப்பா வாளியானால் போதாது, அந்த வாளிக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர், வகுப்பெடுக்க என்னைவிட லாயக்கானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை பள்ளி வாசலில் ஒரு நீல நாற்காலி இருந்தது. நன்றாகக் கழுவித் துடைத்தது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. நம் வகுப்பு பாட்டில்கள் பலவும் ஒன்றாகச் சேர்ந்து இந்த நாற்காலியாகப் பிறந்திருக்கின்றன என்றாள் கேப்டன். ஆதாரம் அதைக் கவிழ்த்துப் போட்டு, வரைந்த படங்களில் ஏதாவது ஒன்று தெரிகிறதா என்று தேடினான்.

"போன ஜென்மத்து மச்சம் இந்த ஜென்மத்துல இருக்குமாடா?" என்றாள் கேப்டன். அதை எதிர்க்கச் சட்டமில்லை என்று அவன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டான். உட்கார்ந்து பார்த்தான். நாற்காலி ஆடியது. ஆடுவதே ஒரு சுகமாகிவிட்டது. அந்த வாரம் யார் ஒழுங்காக இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பிரிவேளை ஆடும் உரிமை என்று சட்டம் போட்டேன். கடைசி பெஞ்சில் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார இப்போது போட்டி. பையை யாரும் தள்ளி வைப்பதில்லை.

என் வகுப்பில் முதன்முறையாக ஒன்று உயிரோடிருந்தது. எனக்குத் தூக்கம்கூட நன்றாக வந்தது.

பெரிய டீச்சருக்கு இது தெரிந்ததும் காரியம் பெரிதாகிவிட்டது. பூமி தினத்தன்று லாரியைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, நாலு அறைகளையும் எல்லா வகுப்புக்கும் காட்ட வேண்டும் என்றார். லாரிக்காரரை மேடையேற்றிப் பாராட்ட வேண்டும். விழாவுக்கென்று தெர்மாகோலில் ஆளுயரத்துக்கு ஓர் உருண்டை செய்து நீலமும் பச்சையும் பூசி வாசலில் வைக்கச் சொன்னார். தெர்மாகோல் எந்தத் தொட்டியில் சேரும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விட்டால் நான் எந்தத் தொட்டியில் சேருவேன் என்று யோசித்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் லாரிக்காரர் வந்தார். வகுப்பில் நான் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஈரத் தலை, இஸ்திரி போட்ட சட்டை, சோப்பு வாசனை. ஒரு தடவை குளித்தவரின் வாசனை அல்ல அது. மூன்று தடவை குளித்தவருடையது. உள்ளே வரச் சொன்னேன். நீல நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை.

"சார், நீங்க லாரிய உள்ள பாத்ததில்லல்ல?"

இல்லை என்றேன்.

"ஒரே வயிறுதான் சார். நீங்க நாலு வாயில ஊட்டுறீங்க. எல்லாம் ஒண்ணாத்தான் போகுது."

நான் பேனாவை மூடினேன். குப்பை மேட்டில் இறக்கியதும் அங்கே பிரிப்பார்களோ என்று கேட்டேன். அங்கே பிரிக்க ஆளில்லை, மெஷினில்லை, ஒரு மேடுதான் இருக்கிறது, இறக்கிவிட்டு வருவதுதான் தன் வேலை என்றார். அப்படியானால் வாளி? கிலுகிலுப்பை? அவர் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது.

"அந்த நாற்காலி மேட்டுலதான் கெடந்தது. தேச்சுக் கழுவினேன்."

நாலு அறை இருக்கிறது என்று ஏன்தான் சொன்னார் என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். என் குரல் அதற்கெல்லாம் ஆகாது.

அவர் தன் கைகளைப் பார்த்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் மகள் ஒரு கை தள்ளியே உட்காருவாளாம். திட்டமாட்டாள், முகம் சுளிக்கமாட்டாள், சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொள்வாளாம். தொட்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் அவளே ஒருநாள் தானாக வந்து கேட்டாளாம், நம்ம லாரியில் எப்படிப்பா பிரிப்பீங்க என்று. அவள் வாயிலிருந்து 'நம்ம லாரி' என்று வந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த நேரத்துல ஒரே வயிறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார். இப்போ சாயங்காலம் லாரி கழுவுறப்போ கூட வந்து நிக்கிறா. உள்ள மெஷின் இருக்கு, பின்கதவத் தொடாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன். சோப்புத் தண்ணி எடுத்துக் குடுக்கிறா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கதவை மட்டும் திறக்க வெச்சுடாதீங்க சார். என் பொண்ணு மறுபடி தள்ளி உக்காந்துடுவா."

உங்கள் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவருக்கு அவளை என்னைவிட நன்றாகத் தெரியும். பார்க்கிறேன் என்றேன்.

லாரி வருவதைத் தடுப்பது கஷ்டமாக இல்லை. லாரியிலிருந்து குழந்தைகளுக்கு ஏதாவது தொற்றிக்கொண்டால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள் என்று பெரிய டீச்சரிடம் முணுமுணுத்தேன். பெற்றோர் என்ற சொல்லுக்கு எங்கள் பள்ளியில் எந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். லாரி வரவில்லை. தெர்மாகோல் பூமி மட்டும் வாசலில் நின்றது.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பொய்யைக் கலைக்க முடியாவிட்டால் மெய்யாக்கிவிடலாமே என்று ஓர் அசட்டு யோசனை. லாரிக்குள் தகரத்தில் மூன்று தடுப்பு வைத்தால் நாலு அறை, அவ்வளவுதானே? அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நகரத் துப்புரவு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். டீகூடச் சொன்னார். நாலு தொட்டி கொடுத்தது திட்டத்தின் முதல் கட்டம் என்றார். இரண்டாம் கட்டம் என்ன என்று கேட்டேன், லாரிதான் என்றார். அது எப்போது என்று கேட்டேன்; முதல் கட்டம் முடிந்ததும் என்றார்.

"முதல் கட்டம் எப்போ சார் முடியும்?"

"அது தொடர்ந்து நடக்குற கட்டம்" என்றார்.

தகரத் தடுப்பைப் பற்றிச் சொன்னேன். தடுப்பு வைத்தால் லாரியில் கொள்ளளவு குறையும், நடை கூடும், டீசல் கூடும், புகை கூடும்; பூமிக்குக் கெடுதல் சார் என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வெளியே வரும்போது பார்த்தேன், அவர் மேஜையிலும் காகிதம் வைக்க நாலு தட்டுகள் இருந்தன. எல்லாக் காகிதமும் மேல்தட்டில் குவிந்திருந்தது.

திரும்பி வந்து என் மனைவியிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய்ப் பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமைச் செய்திகள் தொடர்ந்தன. நான் கடைசி பெஞ்சைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. அடுக்களைக் குழாய் உடைந்த மாதிரி, மூட ஆளில்லாமல் கொட்டிய மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, கிடக்கிறது. அதன் மேல்கோடியில்தான் குப்பை மேடு. மழையில் மேட்டைத் தாங்கியிருந்த சுவர் இடிந்தது. கிடந்த கால்வாய் எழுந்து நடந்தது.

மழை விட்டதும் ஆசிரியர்களை முன்னதாக வரச் சொல்லியிருந்தார் பெரிய டீச்சர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். முற்றத்தைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது, நகரம் முழுவதும் எங்களுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறது என்பதுதான். சுவரோரம் முழங்கால் உயரத்துக்குக் குப்பை ஒதுங்கியிருந்தது. நடுவில் தேங்கிய கறுப்புத் தண்ணீரில் பெரிய டீச்சரின் தெர்மாகோல் பூமி அசையாமல் மிதந்தது. அதற்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

வாசலில் குப்பை லாரி நின்றுகொண்டிருந்தது. முற்றத்தைச் சுத்தம் செய்ய லாரிக்காரரை அனுப்பியிருந்தார்கள். அவர் பின்பக்கம் ஓர் ஆளோடு சேர்ந்து மரக்கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அவரோடு அவர் மகளும் வந்திருந்தாள். சீருடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரம் எதையோ குனிந்து பார்த்தபடி நின்றாள்.

நான் பக்கத்தில் போனேன். அவள் கையில் ஓர் எண்ணெய் பாட்டில். சேற்றைக் கட்டைவிரலால் துடைத்திருந்தாள். சிவப்பு லாரி. நாலு ஜன்னல். எனாமல் பெயின்ட் கொஞ்சமும் மங்கவில்லை. குழைத்து உண்டாக்கிய சாம்பல்கூட அப்படியே இருந்தது. அவள் காலடியில் ஒரு மீன் கிடந்தது. சற்றுத் தள்ளி நட்சத்திரம், பழத்தோலோடும் நனைந்த நோட்டுத் தாளோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"சார், இது நாற்காலியாகலையா?"

கணக்கு வாத்தியாருக்கு விடை தெரியாத நேரத்தில் சொல்லவென்றே ஒரு வாக்கியம் உண்டு: நாளைக்குப் பார்க்கலாம். நான் அதைத் தேடி எடுப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

அவள் வாசலைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் கிளைகளைப் போட லாரியின் பின்கதவைத் தூக்கியிருந்தார். அங்கிருந்து உள்ளே நன்றாகத் தெரிந்தது. அறைகளும் இல்லை, மெஷினும் இல்லை. இருட்டாக, ஈரமாக, ஒரே குகை. அவர் திரும்பினார். மகள் பார்ப்பதைப் பார்த்தார். கதவைச் சாத்தக் கையைத் தூக்கினார், பிறகு சாத்தவில்லை. கை அப்படியே கதவில் இருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும்.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். குப்பையைக் கண்டால் பிள்ளைகளுக்கு வரும் குதூகலத்தோடு வந்தார்கள். ஒருத்தி தன் மீனைக் கண்டெடுத்தாள். இன்னொருத்தன் நட்சத்திரத்தை எடுத்தான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் ஆதாரம் சேற்றிலிருந்து ஒரு ஷாம்பு பாட்டிலைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தான். கேள்விக்குறி பளிச்சென்று இருந்தது.

"சார்" என்றான். வழக்கமான குரலில் இல்லை. "இது பஸ்ல இல்ல."

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. வாசலுக்குப் பக்கத்தில் லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெள்ளத்துல ஃபேக்டரி உடைஞ்சுடுச்சு" என்றாள் கேப்டன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள்.

"மறுபிறவி ஃபேக்டரி மேட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. உருக்கி முடிச்சதெல்லாம் போயிடுச்சு. உருக்காம வரிசைல வெச்சிருந்தது மட்டும் தண்ணில வந்துடுச்சு. ராத்திரியே அப்பா சொன்னாரு."

"அப்போ என் கைப்பிடி?"

"அது வேற ஷாம்பு பாட்டிலா இருக்கும். வாளியும் கிலுகிலுப்பையும்கூட வேறதான். அப்பாவுக்குக் கேள்விக்குறி சரியாத் தெரிஞ்சிருக்காது. உன் எழுத்து அப்படி."

ஆதாரம் அவளைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான், கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டுத் தகடு மட்டும்தான் தெரியும். நாலு எட்டு நடந்தால் தெரிந்துவிடும். என்னைப் பார்த்தான்.

"உண்மையா சார்?"

"ஆமாம்" என்றேன்.

சாட்சி இரண்டானதும் அவன் வேறொன்றும் கேட்கவில்லை. நம்பினானா என்று எனக்குத் தெரியாது. போய் நீலத் தொட்டியைத் தூக்கி நிமிர்த்தினான். அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லாமலே பிள்ளைகள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். நாலு தொட்டிகளையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். குச்சியால் கிளறி, கிளறி, பிளாஸ்டிக்கை நீலத்தில், தோலைப் பச்சையில், நனைந்த காகிதத்தைப் பிழிந்து மஞ்சளில். ஒரு வாண்டு செத்த தவளை எதில் சேரும் என்று கேட்டது. தேர்ந்த வேலையாட்கள் மாதிரி இருந்தார்கள். சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு ஒழுங்காகச் செய்த வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை, பார்க்க முடியவில்லை.

தொட்டிகள் நிரம்பின. லாரிக்காரர் தயங்கித் தயங்கி வந்து தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவற்றை எடுத்துப்போய்க் கவிழ்க்க வேண்டும். பிள்ளைகள் நாலு அறைகளைப் பார்க்கும் ஆசையில் லாரியை நோக்கி நகர்ந்தார்கள்.

"எல்லாரும் லைன்ல நில்லுங்க" என்றாள் கேப்டன். "பெல் அடிச்சாச்சு."

பெல் அடிக்கவில்லை. நீரில் ஊறிப்போய் அன்று முழுவதும் அது அடிக்கவே இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். திரும்பச் சொன்னாள், லாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். நடக்கச் சொன்னாள். ஒருத்தன் தலையைத் திருப்பினான். அவன் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள். கடைசி ஆளாக அவள் போனாள். படியேறும்வரை அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

நான் தொட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தேன், அவர் மறு கைப்பிடியை. பச்சையைக் கவிழ்த்தோம். அதன்மேல் நீலம். அதன்மேல் மஞ்சள், சாம்பல். எண்ணெய் பாட்டிலைத் தேடினேன். அதைக் காணவில்லை. அவர் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

"நான் ராத்திரி ஒண்ணும் சொல்லல சார்" என்றார். "அவளே சொல்லிட்டா."

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, அவள் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதுதான் சார் உறுத்துது, என்கிற மாதிரி இருந்தது.

குப்பை மேட்டின் சுவரை மறுபடி கட்டினார்கள், இடிந்த அதே இடத்தில் அதே உயரத்துக்கு. முதல் கட்டம் தொடர்ந்து நடக்கிறது. பெரிய டீச்சர் தெர்மாகோல் பூமியைத் துடைத்து அடுத்த வருஷத்துக்கு என்று மாடியில் போட்டுவைத்தார். பல நாள் கழித்து லாரிக்காரரைத் தெருவில் பார்த்தபோது விசாரித்தேன். இப்போதும் சாயங்காலம் லாரி கழுவ வந்து நிற்கிறாளாம். சோப்புத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாளாம். சாப்பிடும்போது தள்ளி உட்காருவதில்லை, பக்கத்திலேயே உட்காருகிறாள் என்றார். நல்லதாயிற்றே என்றேன்.

"நான்தான் சார் தட்டை நகர்த்திக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை வருகைப்பதிவு முடிந்ததும் கேப்டன் எழுந்து நிற்கிறாள். அப்பா இப்போது ஒன்றும் சொல்வதில்லை. செய்திகளை அவளே உண்டாக்குகிறாள். அப்பாவுடையதைவிட நன்றாக இருக்கின்றன. மீன் டப்பா ஒரு கப்பலில் மிதவையாகி, அலையில் விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிறது. ஆதாரத்தின் கேள்விக்குறி ஒரு நூலகத்துக் கதவின் பிடியாகியிருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஆதாரம் மட்டும் கையைத் தூக்குவதை விட்டுவிட்டான். அவன் நீல நாற்காலியில் உட்கார்ந்தால் அது ஆடாது. காலை ஊன்றிப் பிடித்துக்கொள்கிறான்.

சொல்லி முடித்ததும் அவள் உட்காருவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆசிரியர் அறையில், பெரிய டீச்சர் புதிய திட்டத்தைச் சொல்லிவிட்டு வெளியே போனதும், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோமே, அந்தப் பார்வை. அவளுக்கு ஒன்பது வயது.

நான் தலையை ஆட்டிவிட்டுப் பலகையைத் துடைக்கிறேன். இந்த வாரம் செய்முறை, விதை ஊன்றுவது.